ரெண்டு அழுத்தம்

கையெழுத்து எங்க சார் ஓடிப்போகுது, போடறேன். பேப்பர இப்படி வச்சிடுங்க. நீங்க கேட்டதுக்கு மொதல்ல பதில் சொல்லிடறேனே. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டீங்கன்னு தெரியுது. ஸ்டண்ட் சங்கத்துலேர்ந்து விசாரணைக்கு வர்றவங்க எல்லாருமே பேப்பர நீட்டறதுக்கு முன்னாடி சினிமாவப் பத்தி ஏதாவது ஒண்ணு கேப்பாங்க. பல்லு எத்தன உடைஞ்சிருக்கு, நிஜமாவே அடிப்பீங்களா, இப்படி. நீங்கதான் உருப்படியா ஒண்ணு கேட்டீங்க. மத்த படத்து சண்டையப் பாத்தா கொட்டாவி வருது, இந்த ஸ்பை படத்துல ரெண்டே ரெண்டு பேரு ஒரு ரூமுக்குள்ள அடிச்சிக்கிட்டா மட்டும் ஏன் கண்ண எடுக்க முடியலன்னு. இருபத்திரண்டு வருஷமா இதே மெத்தையில விழுந்து எந்திரிக்கிறேன், என்கிட்ட யாரும் இதக் கேட்டதில்ல.

உக்காருங்க. இந்த மெத்தை மேலயே உக்காருங்க, அழுக்குதான், பரவால்ல. ரிகர்சல் ஹால்ல நாற்காலி தங்காது சார். வாங்கற நாற்காலியெல்லாம் யாராவது ஒருத்தர் முதுகுல உடைஞ்சிடும். ஃபேன் அந்தப் பக்கம்தான் ஓடுது, கொஞ்சம் தள்ளி உக்காந்தீங்கன்னா காத்து வரும்.

இந்த பாட்டில் மூடிய மட்டும் கொஞ்சம் திறந்து குடுங்க. சிரிக்காதீங்க சார். ஆறடி ஆள தூக்கிப் போடற பொம்பளைக்கு மூடி திறக்க வரலையான்னுதானே. நாப்பத்திரண்டு வயசாச்சு, காலையிலேர்ந்து அசதி. தேங்க்ஸ்.

இப்போ சொல்றேன். மத்த படத்துல ஹீரோ அடிக்கணும்னே வர்றான். பத்து பேரு பேங்க்ல டோக்கன் வாங்கின மாதிரி வரிசையா நிப்பாங்க. ஒருத்தன் அடி வாங்கி விழற வரைக்கும் அடுத்தவன் மரியாதையா காத்துக்கிட்டு இருப்பான். நானும் அந்த வரிசையில நின்னவதான், கொற சொல்லல. ஸ்பை படம் அப்படி இல்ல. அதுல வர்ற உளவாளிப் பொண்ணுக்கு சண்டையே வேண்டாம் சார். அவளுக்கு வேண்டியது அந்தக் கதவு. கதவத் திறந்து வெளிய போகணும், நடுவுல ஒருத்தன் நிக்கறான், அவனுக்கும் அவள விட்டா வேல போயிடும், உயிரே கூடப் போயிடும். அதனால அடிக்கறாங்க. வேண்டா வெறுப்பா அடிக்கறாங்க. அதனாலதான் உங்களால கண்ண எடுக்க முடியல.

ரெண்டாவது, எடம். பெரிய மைதானத்துல யாரு வேணா பறக்கலாம். கைய நீட்டினா ரெண்டு பக்கமும் சுவரு இடிக்கணும். பாத்ரூம், லிஃப்ட்டு, துணி வைக்கிற அலமாரி. கால ஓங்கறதுக்கு எடம் இருக்காது, அதனால முழங்கை, முட்டி, தலை. கையில துப்பாக்கி இருக்காது, என்ன கிடைக்குதோ அதான். டவலு, ஹேங்கரு, சோப்பு டப்பா. ஒரு படத்துல ரெண்டு நாள் முழுக்க நான் ஷவர் குழாயோட சண்ட போட்டேன். வீட்டுக்குப் போயி குளிக்கவே மனசு வரல.

அப்புறம் மூச்சு. இதத்தான் பல பேரு விட்டுடறாங்க. நிஜத்துல ரெண்டு பேரு ஒரு நிமிஷம் கட்டிப் புரண்டா, அடுத்த நிமிஷம் ஒருத்தர் சட்டைய ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நிக்கத்தான் தெம்பு இருக்கும். நீங்க ஸ்கூல்ல சண்ட போட்டிருப்பீங்கல்ல? போட்டதில்லையா. சரி விடுங்க. அடிக்கறவளுக்கே கை வலிக்கணும் சார், மூச்சு இரைக்கணும், நடுவுல ஒரு வினாடி ரெண்டு பேரும் பேசாம ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும், போதும் விட்டுடலாமான்னு. அந்த ஒரு வினாடிக்குத்தான் உங்க கை சீட்ட இறுக்கிப் புடிக்கும்.

நீங்க விசாரிக்கற இந்தப் படத்து டைரக்டருக்கு அது தெரியும். புது ஆளு, நல்லா யோசிக்கறவரு. ஹோட்டல் பாத்ரூம்ல சண்ட, பக்கத்து ரூம்ல ஆளு இருக்கு, சத்தம் கேட்டா ரெண்டு பேருக்குமே ஆபத்து, அதனால ரெண்டு பேரும் கத்தாம அடிச்சிக்கறாங்க. கேக்கவே நல்லா இருக்குல்ல? ஹீரோயினுக்கு டூப்பு நான். அவ கை கண்ணாடியில பட்டு வெட்டிக்கும், அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் அந்தக் கைய நெஞ்சோட வச்சிக்கிட்டே அடிக்கணும். மொத நாளே என்கிட்ட சொல்லிட்டாரு. ஜனங்க எத வேணா மன்னிப்பாங்க, அடிபட்ட கைய நீங்க மறந்துட்டா மட்டும் மன்னிக்க மாட்டாங்கன்னு. எனக்கு அது மனசுல ஒட்டிக்கிச்சு.

வர்றேன் சார், விழுந்தவன் விஷயத்துக்குத்தான் வர்றேன். அவனச் சொல்லாம இதச் சொல்ல முடியாது.

நீங்க கேட்டீங்களே, சண்டை எதனால மனசுல நிக்குதுன்னு. எடம், மூச்சு எல்லாம் சரி. ஆனா அடிக்கறவளால ஒரு சண்டையும் மனசுல நிக்கறதில்ல. வாங்கறவன்தான் சண்டை. நான் காத்துல கைய வீசறேன், அவ்ளோதான் என் வேல. அது எங்க பட்டுது, எவ்ளோ வலிச்சுது, எலும்பா சதையா, எல்லாத்தையும் அவன் உடம்பு சொல்லணும். அதுல அவன அடிச்சிக்க ஆளே கிடையாது. பூனைன்னு பேரு வச்சதே நான்தான். எந்த ஒசரத்துலேர்ந்து தள்ளினாலும் சத்தமே இல்லாம விழுவான். பதினாறு வருஷம் சார். மொத பன்னெண்டு வருஷம் வெறும் பார்ட்னரு, அப்புறம் என் தங்கச்சியக் கட்டிக்கிட்டான். ஊருல எந்த மாப்பிள்ளைய பொண்டாட்டியோட அக்கா தெனமும் எட்டு மணி நேரம் அடிக்கறாங்கன்னு தங்கச்சி கிண்டல் பண்ணுவா. அவன் என்ன அக்கான்னுதான் கூப்பிடுவான். அடி வாங்கிட்டு எந்திரிச்சதும் அவன் கேக்கற மொத கேள்வி, அக்கா, உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு.

இப்போ அந்த சைகை. பேப்பர்ல எழுதியிருக்கீங்கல்ல, சைகை கொடுக்கத் தவறியதுன்னு. அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரியாமலே எழுதிட்டீங்க. பரவால்ல, காட்டறேன், கையக் குடுங்க.

பழைய வழக்கம் என்னன்னா, ஃபைட் மாஸ்டரு ஓரமா நின்னு சத்தமா எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு, போடு. சத்தத்தையெல்லாம் அப்புறம் சேத்துக்கலாம்னு எண்ணிக்கிட்டே போவாங்க. எண்ணிக்கை காதுல விழுந்தா போதும், கண்ண மூடிக்கிட்டுக் கூட அடிக்கலாம். இந்த டைரக்டரு அத வேண்டாம்னுட்டாரு. நிஜமான மூச்சு சத்தம் வேணும், அங்கேயே பதிவு பண்ணணும், யாரும் வாயத் திறக்கக்கூடாதுன்னாரு. கேமராவும் மூஞ்சிக்குப் பக்கத்துல, கண்ண அசைச்சாக்கூடத் தெரியும். அப்போ எப்படி சொல்லிக்கறது? தொட்டுத்தான்.

புடிங்க, மணிக்கட்ட. இப்படி, நான் உங்களத புடிக்கறேன், நீங்க என்னோடத புடிங்க. உங்க கட்டை விரலு தானா எங்க வந்து உக்காருது பாருங்க. என் சுண்டு விரலுக்குக் கீழ, உள்ளங்கை ஓரத்துல. அங்க ஒரு தடவ அழுத்தினா, நான் தயாரு, வான்னு அர்த்தம். ரெண்டு தடவ அழுத்தினா, நில்லு. அழுத்துங்க. ஆங், ஒண்ணு, வந்தேன். இப்போ? ரெண்டு, நின்னுட்டேன். பாத்தீங்களா, கேமராவுக்கு எதுவுமே தெரியாது. எப்பவும் வாங்கறவன்தான் அழுத்தணும், அடிக்கறவ அழுத்தக்கூடாது. விழப்போறவன் சொல்லாம எவனும் அவனத் தள்ளக்கூடாது, அதான் சட்டம்.

சண்டையில இடது கையா? இல்ல, வலது. காட்டறதுக்கு இது போதாதா.

அன்னிக்கு நாலாவது டேக். மதியம் மூணு மணி இருக்கும். நான் அவன் மணிக்கட்டப் புடிச்சி இழுத்து, திருப்பி, குளிக்கற தொட்டி மேல வீசணும். தொட்டியோட ஓரத்துல ஒன்றரை அடிக்கு ரப்பரு ஒட்டியிருக்காங்க, அவன் தோள் அங்கதான் போயி விழணும். மூணு டேக்குல தரையெல்லாம் தண்ணி. தொடைச்சாங்க, ஆனா அந்த மூலையில சரியாத் தொடைக்கல. அவன் கால் வழுக்கிச்சு. நிஜமாவே வழுக்கிச்சு சார், நான் பாத்தேன், நடிப்புன்னு நெனச்சேன். அவன் அவ்ளோ நல்லா பண்ணுவான். வீசிட்டேன். அரை அடி தள்ளிப் போயி விழுந்தான், கழுத்து ரப்பரு இல்லாத வெறும் ஓரத்துல பட்டுது. அப்பவும் சத்தமில்ல. கட்டுன்னு சொல்லி எல்லாரும் கை தட்டினாங்க. அவன் எந்திரிக்கல, அக்கா உனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு கேக்கல, நான்தான் மொதல்ல பயந்தேன்.

கை அசையுது. காலுக்கு இன்னும் அசைவு வரல. வரும், ஒரு வருஷம் ஆகலாம்னு டாக்டரு சொல்றாரு. திரும்ப விழ மாட்டான், அது முடிஞ்சிது. ஆனா உக்காந்த எடத்துலேர்ந்து சண்டை சொல்லிக் குடுக்கலாம். மண்டைக்குள்ள ஆயிரம் சண்டை வச்சிருக்கான் சார் அவன். மாஸ்டரா உக்காந்தா நல்லா பொழைப்பான். அதுக்கு அவனுக்கு சங்கத்து கார்டு வேணும்.

தெரியும், அதான் சொல்றேன். இந்த ரெண்டு வரி. காட்சியின்போது சைகை கொடுக்கத் தவறியது விழுந்தவரே. நான் சாட்சின்னு கையெழுத்து போட்டேன்னா உங்க வேல முடிஞ்சிது, அவன் கார்டும் முடிஞ்சிது. சைகை குடுக்காதவன்னு ஒருத்தன் மேல பேரு விழுந்துடுச்சின்னா, அப்புறம் எந்த ஃபைட்டரும் அவன் சொல்லிக் குடுக்கற சண்டைக்கு மெத்தை மேல ஏற மாட்டான். உங்க மேல கோவம் இல்ல சார். அவனே ஒத்துக்கிட்டான், கைப்பட எழுதிக் குடுத்திருக்கான், நீங்க என்ன பண்ணுவீங்க.

அவன் ஏன் ஒத்துக்கிட்டான்னு கேக்கலையே நீங்க.

மூணாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்துல பட்டை போட்டு படுக்க வச்சிருந்தாங்க, கூரையத்தான் பாக்க முடியும் அவனால. நான் வந்தது நடையிலேயே தெரிஞ்சிது போல. அக்கான்னான். ஒண்ணு கேக்கட்டுமா, எனக்கு அந்த நிமிஷம் சரியா ஞாபகத்துக்கு வரல, வழுக்கினது தெரியுது, அதுக்கப்புறம் இருட்டு, நில்லுன்னு நான் ரெண்டு தடவ அழுத்தினேனா? உனக்கு வந்துச்சா?

வரலைன்னேன்.

அது பொய் இல்ல சார். எனக்கு வரல. அவன் கேட்டான், நான் உள்ளத சொன்னேன். அப்புறம் சொல்றான், உனக்கு வரலைன்னா நான் அழுத்தல அக்கா, உன் கைக்கு வராம இருக்காது, பதினாறு வருஷத்துல ஒரு தடவ கூட தப்பினதில்ல, நான்தான் பதட்டத்துல விட்டுட்டேன் போல. சொல்லிட்டு என்கிட்ட மன்னிப்பு கேக்கறான். உன்ன இப்படி ஒரு பாவத்துல மாட்டி விட்டுட்டேனேன்னு. என் தங்கச்சி பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா. அவ முந்தானையால அவன் கண்ணத் தொடைச்சி விட்டுட்டு அவனையே திட்டறா. ஏன்டா ஒரு விரலு அழுத்தறதுக்கு என்ன கேடு உனக்குன்னு. நான் அங்கேயே நின்னேன். வாயத் திறக்கல. எனக்கே என் மேல அருவருப்பா இருந்துச்சு சார், ஆனா திறக்கல. வெளிய வந்து வண்டிய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போயி சோறு கூட தின்னேன்.

கடிகாரத்தப் பாக்காதீங்க, முடிச்சிடறேன்.

போன வாரம் எடிட்டிங் ரூமுக்குப் போனேன். எடிட்டரு தெரிஞ்சவரு, அந்த டேக்க ஒரு தடவ போட்டுக் காட்டுங்கன்னேன். மனசு கஷ்டப்படும் வேண்டாம்னாரு, பரவால்ல போடுங்கன்னேன். எல்லாரும் அந்த ஷாட்டுல அவன் கழுத்தத்தான் பாத்திருக்காங்க. உங்க விசாரணைக் கமிட்டியும் கழுத்தத்தான் பாத்திருப்பீங்க, யாருக்கா இருந்தாலும் கண்ணு அங்கதான் போகும். நான் கட்டை விரலப் பாத்தேன். மெதுவா ஓட்டச் சொல்லி, நிறுத்தி, மறுபடியும் ஓட்டச் சொல்லி, பதினோரு தடவ பாத்தேன். வான்னு ஒரு தடவ அழுத்தறான், அப்புறம் கால் வழுக்குது. ஒடனே அவன் கட்டை விரலு நகம் வெளுக்குது. செவக்குது. மறுபடியும் வெளுக்குது. மூணு டேக்குலயும் அழுத்தினத விட பலமா அழுத்தியிருக்கான் சார். அதுக்கப்புறம்தான் நான் வீசறேன்.

எனக்கு எப்படி வரலையா? இருங்க. அப்போ இடது கையில காட்டினேன்ல, இப்போ இந்தக் கையப் புடிங்க. முன்ன புடிச்ச மாதிரியேதான், கட்டை விரலு சுண்டு விரலுக்குக் கீழ வரட்டும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். ரெண்டு தடவ அழுத்துங்க. கூச்சப்படாதீங்க, நகம் வெளுக்கற அளவுக்கு நல்லா அழுத்துங்க.

ம்.

அழுத்துங்க சார், எனக்கு வலிக்காது.

திரும்பிடட்டுமா?

அழுத்திட்டீங்களா?

பத்து மாசமா இப்படித்தான். வேற ஒரு படத்துல முழங்கை அடிபட்டுச்சு, உள்ள நரம்பு மாட்டிக்கிச்சாம். இந்த ரெண்டு விரலும், இந்த ஓரமும், வெந்நீர ஊத்தினாலும் தெரியாது. ஆபரேஷன் பண்ணிக்கோ, ஆறு மாசம் ஓய்வு எடுன்னாங்க. நாப்பத்திரண்டு வயசுல ஆறு மாசம் வீட்டுல உக்காந்த டூப்ப எவன் திரும்பக் கூப்பிடுவான்? எண்ணிக்கிட்டு அடிக்கற படத்துல இது தேவையே படல, அதனால சமாளிச்சிட்டேன். இந்தப் படத்துலயும் மூணு டேக்கு அவன் மூச்சக் கேட்டு, தோளப் பாத்தே சமாளிச்சேன். அவன்கிட்ட சொல்லியிருந்தா அழுத்தற எடத்த ரெண்டு விரக்கடை மாத்தியிருப்பான். அவ்ளோதான் சார் வேல. ரெண்டு விரக்கடை. சொல்லல. சொன்னா வேல போயிடும்னு பயம்.

என் கார்டு போகும், தெரியும். போகட்டும். தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லல, சாயந்திரம்தான் போகணும். அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்னு தெரியல, பாத்துத்தான் ஆகணும்.

அந்த ரெண்டு வரிய அடிச்சிடுங்க சார். அவன் ரெண்டு தடவ அழுத்தினான்னு எழுதுங்க. நாலாவது டேக்கு, கட்டை விரலப் பாக்கச் சொல்லுங்க உங்க ஆளுங்கள. எழுதிட்டீங்களா? பேனாவக் குடுங்க. இடது கையிலதான் போடுவேன், கோணலா இருக்கும், பரவால்லையா?